பதினோராம் எண் கூண்டு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் செய்தித்தாளில் அந்த வரி வந்துவிடும்: ‘நாகை துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.’ வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் 28 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். தடுப்பூசி போடப் போகிற வீட்டுத் திண்ணையில் யாராவது பேப்பரை நீட்டி, “மூணாம் நம்பர்னா என்ன நர்ஸம்மா, பெருசா சின்னதா?” என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது. “ஜாக்கிரதையா இருங்கன்னு அர்த்தம்” என்று சமாளித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவேன்.

பிரஷர் மாத்திரை வாங்க வருகிற பெரியவர் ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் விளக்கினார். அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்காக ஏற்றுவது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். எண் ஏற ஏறப் பொதுவாக ஆபத்து கூடும். பத்து என்றால் பெரும் ஆபத்து. “அப்ப பதினொண்ணு அதைவிடப் பெரிய புயலா?” என்றேன். சிரித்தார். “அது புயலோட நம்பர் இல்லம்மா. வானிலை ஆபீஸோட தொடர்பே அறுந்துபோச்சுன்னா ஏத்துறது. இனிமே சொல்றதுக்கு ஆள் இல்ல, நீயே பார்த்துக்கன்னு அர்த்தம்.”

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் பகுதியில் ஒவ்வொரு கூரை மேலும் அந்தப் பதினோராம் எண் கூண்டுதான் தொங்கியது. கூரை மிஞ்சிய வீடுகளில்.

கஜா சொல்லாமல் வந்த புயல் இல்லை. நாலைந்து நாளாகவே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். பல்லாயிரம் பேரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இல்லாவிட்டால் சாவுக் கணக்கு எங்கேயோ போயிருக்கும். அந்தப் புண்ணியம் அரசுக்கு உண்டு. நானும் என் பங்குக்குத் தாய்-சேய் பதிவேட்டைப் புரட்டினேன். பத்து நாளுக்குள் பிரசவத் தேதி உள்ளவர்கள் மூன்று பேர். 15-ம் தேதி மதியத்துக்குள் இரண்டு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிட்டேன். மூன்றாவது பெண்ணை மாமியார் அனுப்ப மறுத்துவிட்டார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடியும் நாடா வருது நாடா வருதுன்னுதான் சொன்னீங்க. வந்துச்சா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. 2016 டிசம்பர் தொடக்கத்தில் நாடா புயல் வலுவிழந்து, வெறும் தாழ்வு மண்டலமாகத்தான் கரையேறியது. அன்று பயந்து ஓடியவர்களை ஊர் வருஷம் முழுக்கக் கேலி செய்தது. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. என் பணிக்காலத்தில் நான் வருத்தப்படுகிற சாயங்காலங்களில் அது ஒன்று.

நள்ளிரவுக்கு மேல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறியது. காலை ஒன்பது மணி இருக்கும். விழுந்த தென்னைகளை ஏறித் தாண்டி ஒரு பையன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். காலெல்லாம் சிராய்ப்பு. “அக்கா, அண்ணிக்கு வலி வந்துருச்சு.” 108-க்கு அடிக்கப் போனை எடுத்தால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நார்க்கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். நாலு கிலோமீட்டர்தான் தூரம். சைக்கிளில் கால் மணி நேரப் பாதை. அன்று ஒவ்வொரு மரத்துக்கும் கட்டிலை இறக்கி, இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் நின்று கைமாற்றி, அரிவாளால் மட்டைகளைக் கழித்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். “கஜான்னு வச்சிருங்க” என்று யாரோ சொல்ல, கட்டிலில் கிடந்தவள் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று நாள் கழித்து ஒன்று தெரியவந்தது. அந்த வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒருவரிடம் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. மனுஷர் அன்று காலை முழுக்க மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பெட்ரோல் இல்லை, கரண்ட் போய் பங்க் மூடிக் கிடந்தது. நாங்கள் கட்டில் தூக்கிய தெருவிலோ ஐந்து பைக்குகள் நின்றன. ஒவ்வொன்றின் டேங்கிலும் ஒரு லிட்டராவது இருந்திருக்கும். மெஷின் அங்கே, பெட்ரோல் இங்கே, பிரசவ வலி நடுவிலே. யாரிடம் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. என் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை என்பது வரை இருந்தது. மெஷின் யார் வீட்டில் என்பது இல்லை.

தண்ணீர்க் கதையும் இதேதான். மேல்நிலைத் தொட்டி அசையாமல் நின்றது. ஏற்றுவதற்குக் கரண்ட் இல்லை. கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சில ஊர்களுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்கானது. இரண்டு நாள் ஜனங்கள் குட்டைத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள். மூன்றாம் நாள்தான் ஒருவருக்கு மைக்செட்காரரின் ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது. ஏன் முதல் நாளே தரவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “யாரும் கேக்கலியே நர்ஸம்மா.”

பேரிடருக்குத் தயாராவது என்று மேடைகளில் நாம் பேசுவதெல்லாம் ஒன்று முதல் பத்து வரையுள்ள கூண்டுகளைப் பற்றித்தான். செயற்கைக்கோள், ரேடார், கைப்பேசி எச்சரிக்கை, 1070, 1077 என்று உதவி எண்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவை எல்லாமே தொடர்பு இருக்கும்வரை வேலை செய்கிறவை. தொடர்பு அறுந்த முதல் இரண்டு மூன்று நாளில் நம் உலகம் நடந்து போகிற தூரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அந்தத் தூரத்துக்குள் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோமா? நான் கேட்பது அதை மட்டும்தான்.

எச்சரிக்கை நம்மை எட்டுவதிலேயே சிக்கல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்தால் மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரியைவிட அதிகம். அதற்கும் பெயர் அதி கனமழைதான். அதற்கு மேல் சொல் இல்லை. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் தூங்குகிறவருக்கு இந்த எண் என்ன சொல்லும்? ‘உன் தெருவில் விடிவதற்குள் இடுப்பளவு வரும், மாட்டை அவிழ்த்துவிடு’ என்றால் எழுந்து ஓடுவார். வானிலை மையத்தின் மொழியைத் தெருவின் மொழிக்கு மாற்ற அந்தத் தெருவில் ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் ஒரு வார்த்தை வந்து சேராமல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்துக்கு சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. அங்கே டிவியில் செய்தி பார்த்துவிட்டுப் பதறிப்போய் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த தகவல் மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கடல் நிலவரமும் ஊர் அறிவிப்பும் சொல்லப் பழகிய ஒலிபெருக்கி. அதில் கூவினார்கள், ஊர் எழுந்து ஓடியது, தப்பித்தது. போன் எல்லா ஊரிலும்தான் இருந்தது. கேட்ட சேதியை ஊருக்கே சொல்ல ஒரு வழியும், அந்தக் குரல் கேட்டால் எழுந்துகொள்கிற பழக்கமும் அங்கே ஏற்கெனவே இருந்தன.

2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்தில் பக்கத்து ஊர்க்காரர்களின் மனசைப் பார்த்தோம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்தின் அடியில் மண்ணே இல்லை. ஹெலிகாப்டரில் உணவு வருவதற்கு முன்பே பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தண்ணீருக்குள் நின்று சோறு வடித்துக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம்தான். நம் ஜனங்களிடம் மனசுக்குப் பஞ்சமில்லை. அந்த மனசு முதல் மணி நேரத்திலேயே சரியான வாசலுக்குப் போய்ச் சேரத்தான் ஏற்பாடு வேண்டும்.

கஜாவுக்கு அடுத்த ஆண்டு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தெருவுக்கு நாலு பக்கம். முதல் பக்கம், தூக்க வேண்டியவர்கள்: எழுந்து நடக்க முடியாத அப்பாயி, நிறைமாசக்காரி, காது கேளாத பிள்ளை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பெயர்கள், தூக்குகிறவர்கள். இரண்டாவது பக்கம், பொருட்கள்: மெஷின், ஜெனரேட்டர், டிராக்டர், நீளமான வடக்கயிறு, பெரிய அண்டா, டார்ச். மூன்றாவது, இடங்கள்: எந்த மாடி வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், சாவி யாரிடம். நாலாவது, கைகள்: நீந்தத் தெரிந்தவர், மரம் அறுக்கத் தெரிந்தவர், லைன் வேலை தெரிந்தவர், முதலுதவிப் பயிற்சி எடுத்தவர். நோயின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ‘தூக்க ரெண்டு பேர் வேணும்’ என்பது போதும்; ஏன் என்பது ஊருக்குத் தேவையில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஊர் தெரிந்தது. “காலனிக்குத் தனி நோட்டு போட்டுக்கலாமே” என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். மெஷின் ஊர்த் தெருவிலும், அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் காலனியிலும் இருந்தார்கள். தனி நோட்டு போட்டால் மரத்தை யார் அறுப்பது என்று கேட்டேன். ஒரே நோட்டாகவே நின்றது. உப்பளக் கொட்டகையில் படுக்கிற வெளியூர்த் தொழிலாளர்கள் எந்தத் தெருக் கணக்கிலும் வரவில்லை. அவர்களுக்கென்று கடைசியில் நாலு பக்கம் சேர்த்தேன். எந்த ஊரிலும் முதலில் விடுபட்டுப்போவது இந்த இரண்டு தரப்பினர்தான்.

மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். “நர்ஸம்மா நாடகம் போடுறாங்க” என்று சிரித்தார்கள். சிரித்தபடியேதான் ஒரு அப்பாயியை நாற்காலியோடு தூக்கினார்கள். வாசல்படியில் நாற்காலி நுழையவில்லை. அந்த வீட்டுக்கு நாற்காலி ஆகாது, போர்வையில்தான் தூக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். புயல் ராத்திரியில் கற்றுக்கொள்ள முடியாத பாடம் அது.

2020 நவம்பரில் நிவர் வந்தது. நோட்டை வைத்து ஒன்றரை மணி நேரத்தில் ஊரைப் பள்ளிக்கூடத்துக்கு நகர்த்திவிட்டோம். நிவர் எங்களை விட்டுவிட்டு வடக்கே போய் மரக்காணம் பக்கம் கரையேறியது. “மறுபடியும் நாடா மாதிரிதான்” என்று முணுமுணுப்பு எழுந்தது. நான் சொன்னேன்: தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு அம்மை வரவில்லை என்றால் ஊசி வீண் என்றா சொல்வோம்? வராமல் போன புயல், செலவில்லாமல் கிடைத்த ஒத்திகை. முதல் நாள் கட்டில் போட மறந்தோம், கழிப்பறைக்குத் தண்ணீர் போதவில்லை, ஆடுகளுக்கு இடம் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் அந்த ஒரு ராத்திரி சொல்லிக்கொடுத்துவிட்டது.

கிராமத்துக்குச் சரி, நகரத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்கலாம். நகரத்துக்குத்தான் இன்னும் அவசியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்; தினமும் காலை வணக்கம் பூவோடு வரும். கரண்டும் சிக்னலும் போனதும் அந்த நூறு பேரும் காணாமல் போனார்கள். மூன்றாவது மாடியில் ஆக்ஸிஜன் கருவியை நம்பி ஒரு பெரியவர் இருந்தது, கீழ்வீட்டுக்காரர்களுக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. பக்கத்து பிளாக்கில் இன்வெர்ட்டர் வேலை செய்துகொண்டிருந்தது. மறுபடியும் மெஷின் அங்கே, பெட்ரோல் இங்கே. ஒரு தாளில் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் இருக்கிற மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவைத்திருந்தால் போதும்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் அங்கே சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2019-ல் ஃபானி வந்தபோது 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள். சாவு நூறைத் தொடவில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டியது ஒரு காரணம். யார் எந்தக் கட்டடத்துக்கு, யார் கையைப் பிடித்துக்கொண்டு போவது என்று ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் பழகியது இன்னொரு காரணம். கட்டடத்தின் படம் செய்தியில் வரும், பழகியது வராது.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று அக்டோபர் 2, வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால். அந்தக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஊர் நோட்டைக் கட்டாயமாக்குங்கள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பக்கங்களைச் சபையில் உரக்கப் படிக்கலாம். முதல் பக்கத்தில் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். நோட்டை எழுதிப் பராமரிக்கும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுங்கள். வாராவாரம் கூடுகிறவர்கள் அவர்கள். எந்த வீட்டில் யார் சீக்காகக் கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எனக்கு முன்பே தெரியும். ஒரு பிரதி ஊராட்சியில், ஒன்று அங்கன்வாடியில், ஒன்று மேடான இடத்தில் உள்ள வீட்டில். மரம் அறுக்கும் மெஷின் ஒன்று, பெட்ரோல் ஐந்து லிட்டர், நல்ல கயிறு, பிளீச்சிங் பவுடர் வாங்கிவைக்க ஊராட்சிக்குச் சின்னத் தொகை. ஜெனரேட்டர் வாங்கக்கூட வேண்டாம். மைக்செட்காரரோடு ஒரு வெள்ளைத் தாள் ஒப்பந்தம் போதும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல் வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் திட்டப் புத்தகம் இருக்கிறது. தெருவுக்குத்தான் ஒரு தாள்கூட இல்லை.

வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின். என் டின்னில் இருப்பது இவ்வளவுதான்: ஏழு நாளைக்கான பிரஷர், சுகர் மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டை, ஆதார், பட்டாவின் நகல், பத்தும் ஐம்பதுமாக ஆயிரம் ரூபாய் (ஏடிஎம் செத்துப்போன ஊரில் ஐந்நூறு ரூபாய்க்கு யாரும் சில்லறை தரமாட்டார்கள்), டார்ச், தீப்பெட்டி, ஓஆர்எஸ் பாக்கெட் நாலு, பத்து போன் நம்பர்கள், பேனாவால் எழுதியது. இன்சுலின் போடுகிறவர்கள் கூடவே ஒரு சின்ன மண்பானை வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றிய பானைக்குள் குப்பியைத் தண்ணீர் படாமல் வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாத சில நாளை ஓட்டிவிடலாம்.

ஓய்வு பெறும்போது நோட்டை மகளிர் குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது மூன்றாவது நோட்டு. போன அக்டோபரில் புதுப்பித்தபோது என் தெருவின் முதல் பக்கத்தில் ஒரு பெயர் கூடியது. முட்டி தேய்ந்துபோய், படி ஏறப் பிடிமானம் தேடுகிறவள்; வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. என் கையெழுத்தில் தொடங்கிய பக்கம் அது. எதிரே எழுதியிருந்த இரண்டு பெயர்களில் ஒன்று, கஜா அன்று மரங்களைத் தாண்டி ஓடிவந்த அந்தப் பையனுடையது. மறுநாள் சாயங்காலம் வந்து, எங்கள் பின்கதவுத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திறக்கிறது என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.